பேய் இருப்பது தெரிந்தும் அந்தக் குடும்பம் ஏன் வீட்டைக் காலி செய்வதில்லை?

கேள்வி இதுதான்: பேய் வீட்டுக் கதைகளில் முதல் நாளே கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, அடுத்த வாரம் சுவரில் ஏதோ வழிகிறது, அதற்கு அப்புறமும் அந்தக் குடும்பம் மூட்டை முடிச்சைக் கட்டாமல் அங்கேயே ஏன் கிடக்கிறது?

கதை நகர வேண்டுமே, அதனால்தான் என்று பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் ஏன் போகவில்லை என்பது கதையின் தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கும், நாம் பேய் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதால் அதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். கையிலிருந்த சேமிப்பு எல்லாம் அந்த வீட்டில் போயிருக்கும். மீதிக்கு வங்கிக் கடன். பழைய வீட்டை விற்றிருப்பார்கள். பிள்ளைகளைப் புதுப் பள்ளியில் சேர்த்திருப்பார்கள். அந்த வீட்டை விட்டு வெளியேறினால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது, ஆனால் தவணை மட்டும் மாதாமாதம் வரும். வீடு வாங்கியவருக்கு இந்த நிலை புரியும், பேய் இல்லாமலேயே புரியும். பேய் வீட்டுக் கதை என்பது பெரும்பாலும் தப்பான சொத்தில் பணத்தைப் போட்டுவிட்டோமோ என்ற பயத்தின் கதைதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த அமிட்டிவில்லிலிருந்து தொடங்கலாம். அது நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் இருக்கும் சிற்றூர். 1974 நவம்பர் 13 அன்று, ஓஷன் அவென்யூ 112ஆம் எண் வீட்டில், ரொனால்ட் டிஃபியோ என்ற 23 வயது இளைஞன் தன் அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள், இரண்டு தம்பிகள் என்று ஆறு பேரையும் சுட்டுக் கொன்றான். அடுத்த வருடம் டிசம்பரில் ஜார்ஜ் லட்ஸ், கேத்தி லட்ஸ் தம்பதி மூன்று பிள்ளைகளோடு அங்கே குடிவந்தார்கள். தண்ணீரை ஒட்டிய மூன்று மாடி வீடு, நீச்சல் குளம், படகு நிறுத்தக் கொட்டகை, எல்லாம் சேர்த்து 80,000 டாலர். அந்த வசதிக்கு அது மலிவு. கொலை நடந்த இடம் என்பது தெரிந்தேதான் வாங்கினார்கள், செத்துப்போனவர்களின் மரச்சாமான்களையும் சேர்த்தே வாங்கினார்கள். 28 நாள்தான் தாக்குப்பிடித்தார்கள். 1976 ஜனவரியில் வெளியேறியவர்கள் திரும்பிப் போகவே இல்லை.

1977இல் இதைப் பற்றிப் புத்தகம் வந்தது, 1979இல் படம். பிறகு டிஃபியோவின் வழக்கறிஞரே, லட்ஸ் தம்பதியோடு உட்கார்ந்து ஒயின் குடித்துக்கொண்டே நாங்கள் கட்டிய கதை இது என்று பேட்டி கொடுத்தார்; லட்ஸ் தம்பதி கடைசிவரை உண்மை என்றே சொன்னார்கள். அங்கே பேய் இருந்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் கதையில் நடக்கிற விஷயங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். கழிப்பறைக் கோப்பை கறுத்துப்போகிறது. குளிர்காலத்தில் ஒரு அறையில் ஈ மொய்க்கிறது. எவ்வளவு விறகு போட்டாலும் வீடு சூடாவதில்லை, குடும்பத் தலைவன் நாள் முழுக்கக் கணப்பு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். ஜன்னல் விழுந்து பையனின் கை நசுங்குகிறது. கதவு கீலோடு பிய்ந்து வருகிறது. பேய் என்ற சொல்லை எடுத்துவிட்டால், வாங்குவதற்கு முன் ஒழுங்காகப் பார்க்காமல் விட்ட ஒரு பழைய வீட்டின் பழுதுப் பட்டியல் இது. படத்தில் இன்னொரு காட்சி வருகிறது: மனைவியின் தம்பி கல்யாணத்துக்குச் சமையல்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த 1,500 டாலர் ரொக்கம் வீட்டுக்குள்ளேயே காணாமல் போய்விடுகிறது. எல்லோரும் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. கணவன் வேலையைக் கவனிக்காமல் விடுகிறான். அந்தப் படத்தில் எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்தது அந்தப் பணம் தொலைந்த காட்சிதான். திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் இதை அப்போதே கவனித்து எழுதியிருக்கிறார், தியேட்டரில் தனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பேயைப் பார்த்துக் கத்தாமல் ஐயோ எவ்வளவு செலவு வரும் என்று புலம்பியதைச் சொல்லி, இது பணக் கஷ்டத்தைப் பற்றிய திகில் படம் என்றார்.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் படம் வந்த 1979இல் அமெரிக்காவில் 30 வருட வீட்டுக் கடனின் வட்டி 11 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 1981 அக்டோபரில் அது 18 சதவீதத்தையும் தாண்டியது. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்காவது வீட்டை நினைத்தாலே தூக்கம் போயிருக்கும். 1982இல் வந்த 'போல்டர்கைஸ்ட்' படத்தின் அப்பா ரியல் எஸ்டேட் கம்பெனி ஒன்றின் நட்சத்திர விற்பனையாளர், கம்பெனி போட்ட நகரிலேயே குடியிருப்பவர். கடைசியில் தெரியவருவது என்னவென்றால், கம்பெனி மயானத்தை வாங்கி, கல்லறைக் கற்களை மட்டும் இடம் மாற்றிவிட்டு உடல்களை அப்படியே விட்டு மேலே வீடு கட்டி விற்றிருக்கிறது. ஏரியையும் புறம்போக்கையும் பிளாட் போட்டு விற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகவே இருக்காது.

அமிட்டிவில்லில் அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. 1977இல் வேறு ஒரு குடும்பம் அந்த வீட்டை 55,000 டாலருக்கு வாங்கியது. பேய் எதுவும் வரவில்லை. வந்தது கூட்டம். இரவு பகல் பாராமல் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்து நின்றார்கள், கடைசியில் வீட்டு எண்ணையே மாற்ற வேண்டியிருந்தது. முகப்பில் கண் போலத் தெரியும் அந்தப் பிரபலமான ஜன்னல்களும் பிறகு மாற்றப்பட்டன. இரண்டு வருடத்தில் 25,000 டாலர் விலை இறங்கியதும், முன்வாசலில் நிம்மதி போனதும்தான் அங்கே யாரும் மறுக்க முடியாத அளவுக்கு நடந்தவை.

இது அமெரிக்கக் கடன் கலாச்சாரத்தின் விளைவு என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் இது மிகப் பழையது. பிளாட்டஸ் என்ற ரோமானிய நாடகாசிரியர் இறந்தது கி.மு. 184இல். அவருடைய 'மோஸ்டெல்லாரியா' நகைச்சுவை நாடகம். வியாபாரத்துக்காக எகிப்து போன அப்பா மூன்று வருடம் கழித்துத் திரும்பி வருகிறார். மகன் அதற்குள் வட்டிக்காரரிடம் கடன் வாங்கி, தான் காதலித்த அடிமைப் பெண்ணை மீட்டு, வீட்டில் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். அப்பா உள்ளே போய்விடக்கூடாது. வீட்டு அடிமை அவரை வாசலிலேயே நிறுத்தி, நமக்கு இந்த வீட்டை விற்றவன் முன்பு ஒரு விருந்தாளியைக் கொன்று உள்ளேயே புதைத்துவிட்டானாம், அந்த ஆவி உங்கள் மகனிடம் பேசியது, அதனால் காலி செய்துவிட்டோம் என்கிறான். அந்த நேரம் பார்த்து வட்டிக்காரர் வந்து நிற்கிறார். உடனே அடுத்த பொய்: புது வீடு பார்த்திருக்கிறோம், அதற்கு அட்வான்ஸ் கொடுக்கத்தான் இந்தக் கடன். அப்பாவுக்கு மகிழ்ச்சி! மகன் சொத்து சேர்க்கிறான் அல்லவா. ஆவி, கடன், அட்வான்ஸ், விற்றவன் மறைத்த கொலை எல்லாம் 2,200 வருடத்துக்கு முன்பே ஒரே நாடகத்தில் இருக்கின்றன. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினியின் கடிதத்தில் வரும் ஏதென்ஸ் வீட்டுக் கதையும் இதே மாதிரிதான். அதெனோடோரஸ் என்ற தத்துவவாதி விளம்பரத்தைப் பார்க்கிறார், இவ்வளவு பெரிய வீடு இவ்வளவு மலிவா என்று சந்தேகப்பட்டு விசாரிக்கிறார், பேய் இருப்பது தெரிந்த பிறகும் குடிபோகிறார். கதையில் முதலில் வருவது சங்கிலிச் சத்தம் என்றாலும், அவருக்குப் பொறி தட்டியது விலையைக் கேட்டுத்தான்.

1762இல் லண்டனையே கலக்கிய காக் லேன் பேயின் பின்னால் இருந்ததும் கைமாற்றுத் தகராறு. வீட்டுக்காரர் ரிச்சர்ட் பார்சன்ஸ், குடியிருந்த வில்லியம் கென்ட்டிடம் 12 கினி கடன் வாங்கினார், திருப்பித் தரவில்லை, கென்ட் வழக்குப் போட்டார். அப்புறம் பார்சன்ஸ் வீட்டில், கென்ட்டோடு வாழ்ந்து இறந்துபோன ஃபேனி என்ற பெண்ணின் பேய் தட்டத் தொடங்கியது, கென்ட்தான் தன்னை விஷம் வைத்துக் கொன்றார் என்று 'சொன்னது'. அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் உட்பட ஒரு குழு போய் விசாரித்தது. பார்சன்ஸின் சிறு மகள் ஒரு மரத்துண்டை மறைத்து வைத்துத் தட்டிய குட்டு வெளிப்பட்டது, பார்சன்ஸ் சிறைக்குப் போனார்.

நம் பக்கத்துக் கதைகளில் பேய் எங்கே இருந்தது என்று யோசித்தால் எனக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது. புளியமரத்தில், பாழுங்கிணற்றில், சுடுகாட்டுப் பாதையில், ஊர் எல்லையில். வீட்டுக்குள் அவ்வளவாக இல்லை. பூர்வீக வீட்டில் செத்தவர்கள் நம் ஆட்கள். அதே கூடத்தில் பிறந்து அதே கூடத்தில் இறந்தவர்களுக்குப் படம் மாட்டி, திதி கொடுத்து, ஆடி அமாவாசைக்குப் படையல் வைக்கிறோம். வட தமிழ்நாட்டில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகவே கும்பிடுகிறார்கள். அவளை யாரும் பேய் என்று சொல்வதில்லை, புடவை வைத்துக் கல்யாணத்துக்கு உத்தரவு கேட்கிறார்கள். இறந்தவர் யார் என்று தெரியும், அவருக்கு என்ன பிடிக்கும் என்றும் தெரியும். விலைக்கு வாங்கிய வீட்டில் இது எதுவும் கிடையாது. அங்கே செத்தவர் வேறு யாரோ, அவருக்குப் படையல் வைக்க வேண்டியவர்கள் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், மிச்சம் நமக்கு வந்திருக்கிறது. வீட்டுப் பேய் என்பது விற்பனையோடு வருகிற பேய். நகரங்களில் முன்பின் தெரியாதவரிடமிருந்து ஃபிளாட் வாங்குவது சாதாரணமாகிவிட்டதால், நம் படங்களிலும் பேய் புளியமரத்தை விட்டு அபார்ட்மென்டுக்குள் வந்துவிட்டது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். புது வீட்டைப் பற்றி நம்மவர்களின் பழைய பயம் கண்ணேறுதான். கட்டிக்கொண்டிருக்கும்போதே திருஷ்டி பொம்மை தொங்குகிறது, கிரகப்பிரவேசத்தன்று பூசணிக்காய் உடைக்கிறோம். அது உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றிய பயம்.

சரி, பேய் சொத்து விவகாரம்தான் என்பதை ஒரு நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் நயாக் என்ற ஊர். அங்கே ஒரு விக்டோரியன் பாணி வீடு. அதன் உரிமையாளர் தன் வீட்டில் ஆவிகள் இருப்பதாக வெளிப்படையாகச் சொல்லி வந்தவர், 1977இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகையிலேயே அது வந்தது, 1989இல் ஊரைச் சுற்றிக்காட்டும் பட்டியலில் 'பேயோடு கூடிய ஆற்றங்கரை வீடு' என்று சேர்த்திருந்தார்கள். நியூயார்க் நகரத்திலிருந்து வந்த ஒருவர் இது எதுவும் தெரியாமல் 6,50,000 டாலருக்கு விலை பேசி, 32,500 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டார். பிறகு விஷயம் தெரிந்து, ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1991இல் மேல்முறையீட்டில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வாங்கியவர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஸ்டாம்போவ்ஸ்கி எதிர் ஆக்லி என்று இன்றும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் வழக்கு.

பேய் உண்டா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே நீதிபதி போகவில்லை. ஊருக்கே பேய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இப்போது நீதிமன்றத்தில் இல்லை என்று விற்றவர் மறுக்க முடியாது, ஆகவே சட்டத்தைப் பொறுத்தவரை இந்த வீட்டில் பேய் இருக்கிறது என்று எழுதினார். வாங்குபவர்தான் எல்லாவற்றையும் பார்த்து வாங்க வேண்டும் என்பது அங்கே பழைய விதி. ஆனால் கட்டடப் பொறியாளரையும் கரையான் பார்க்கிறவரையும் கூட்டிக்கொண்டு போகலாம், ஆவிகளோடு பேசுகிறவரையும் கூடவா கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நீதிபதி கேட்டார். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் கண்ணில் படாத ஒன்று, விற்றவருக்குத் தெரிந்த ஒன்று, மறுவிற்பனை விலையைக் குறைக்கிற ஒன்று, ஆகவே ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. மோசடிக்கு நஷ்டஈடு மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது, ஏனென்றால் புரளியே சொத்துக்கு ஒரு குறைபாடுதான் என்பதைக் கௌரவமாக ஒத்துக்கொள்கிறது.

இது இடத்துக்கு இடம் மாறுகிறது. கலிஃபோர்னியாவில் ஒரு மூதாட்டி 76,000 டாலருக்கு வாங்கிய வீட்டில் பத்து வருடம் முன்பு ஒரு பெண்ணும் நான்கு குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள், அதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. 1983இல் நீதிமன்றம் அவர் வழக்கை நடத்த அனுமதித்தது. பின்னர் அந்த மாநிலம், மூன்று வருடத்துக்கு மேல் ஆன சாவைச் சொல்லாததற்காக வழக்குப் போட முடியாது என்று சட்டத்தில் எழுதியது. பென்சில்வேனியாவில் 2014இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் இதற்கு நேர் எதிராக, வீட்டில் நடந்த கொலையும் தற்கொலையும் சொத்தின் குறைபாடு ஆகாது, சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. ஜப்பானில் இந்த மாதிரி வீடுகளுக்கு 'ஜிகோ புக்கென்' என்று தனிப் பெயரே உண்டு, வாடகை குறையும், அவற்றை வரைபடத்தில் குறித்துக்காட்டும் இணையதளம் 2005 முதல் ஓடுகிறது. 2021இல் அரசு வழிகாட்டுதல் கொடுத்தது: வாடகை வீடு என்றால் கொலை, தற்கொலை போன்றவற்றைச் சுமார் மூன்று வருடம் சொல்ல வேண்டும், முதுமையில் இயல்பாக இறந்ததைச் சொல்லத் தேவையில்லை. இதற்கு ஒரு வருத்தமான பின்னணி இருக்கிறது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு வீட்டுக்காரர்கள் வாடகைக்கே கொடுக்க மாட்டேன் என்றார்கள், உள்ளே இறந்துவிட்டால் வீட்டின் மதிப்பு போய்விடுமே என்ற பயம். உயிரோடு இருக்கிறவரை வருங்காலப் பேயாகப் பார்க்கிற அளவுக்குச் சொத்துக் கவலை போகும் என்பது எனக்குப் பேயைவிடப் பயங்கரமாக இருக்கிறது.

சத்தங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவத்தில் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. சொந்த வீட்டில் முதல் சில மாதம் ராத்திரி எல்லாச் சத்தமும் கேட்கும். வாடகை வீட்டில் இதே சத்தம் இருந்திருக்கும், ஆனால் அது வீட்டுக்காரர் பிரச்சினை. இப்போது குழாயில் 'டொக்' என்றால் அது நம் காசு. பகல் வெயிலில் விரிந்த தகரமும் மரமும் ராத்திரி சுருங்கும்போது யாரோ நடப்பது போலவே கேட்கும். சில நேரம் விஷயம் உயிருக்கே ஆபத்தானது. 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார். பழைய பெரிய வீட்டுக்கு 1912இல் குடிபோனார்கள், காலடிச் சத்தம், யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது போன்ற உணர்வு, தலைவலி, பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை, செடிகள் வாடின. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகைபோக்கி வழியாகப் போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அறைகளுக்குள் வந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு பேயும் போய்விட்டது. நம்மூரில் உலை இல்லை, ஆனால் காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது, மூடிய இடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது. குறிப்பிட்ட ஒரு அறையில் மட்டும் தலைசுற்றல், மயக்கம், பயம் என்று வந்தால் பூசாரியைக் கூப்பிடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள், பிறகு கீசரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வீடு வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். வில்லங்கச் சான்று பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும், உள்ளே யார் எப்படிச் செத்தார்கள் என்று காட்டாது. ஆனால் தாய்ப்பத்திரத்திலிருந்து ஆவணங்களை வரிசையாகப் படித்தால், சொத்து எந்த வருடம் வாரிசுகளுக்குப் போனது, எத்தனை வருடத்தில் எத்தனை கை மாறியது என்பது தெரியும். குறுகிய காலத்தில் மூன்று பேர் வாங்கி விற்றிருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள், காரணம் பெரும்பாலும் தண்ணீர், பங்காளிச் சண்டை, பாதைத் தகராறு என்று பேயைவிட மோசமானதாகத்தான் இருக்கும். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. பேய், தற்கொலை என்ற சொற்கள் அதில் கிடையாது, அதனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காமல் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே நேராகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். புரோக்கர் இல்லாமல் ஒருமுறை தனியாகப் போய், தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமும், இஸ்திரி போடுகிறவரிடமும், பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் பேசுங்கள். கலிஃபோர்னியா மூதாட்டிக்கும் உண்மையைச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர்தான், என்ன, பணம் கொடுத்து முடித்த பிறகு சொன்னார்.